முதல்நாள் ஆட்களின் அக்கா

எங்கள் அலுவலகக் குசினியில் ஒரே மாதிரியான இரண்டு பேணிகள் இருந்தன. ஒன்றில் சீனி. மற்றதில், மத்தியானம் மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள உப்பு. எது எதுவென்று எங்களுக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவருக்குத் தெரியாது. ஆகவே முதல் நாள் அவர் உப்புத் தேநீர் குடிப்பார், நாங்கள் சிரிப்போம், அதோடு அவர் எங்களில் ஒருவராகிவிடுவார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் யாரும் நிறுத்தவுமில்லை.

அக்காவும் வந்த அன்று குடித்தார். முகம் மாறாமல் முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு தடித்த பேனை ஒன்றை எடுத்து, ஒரு பேணியில் ‘சீனி’ என்றும் மற்றதில் ‘உப்பு’ என்றும் பெரிதாக எழுதினார்.

“பகிடியைக் கெடுத்துப் போட்டியளே அக்கா” என்றேன்.

“உங்களுக்குத்தான் பகிடி. வாற ஆளுக்கு உப்புத் தேத்தண்ணி” என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் போன் எடுத்து ஏசுவார். என்னைவிட ஐந்தாறு வயது கூடியவர். புளியங்குளத்துக்கு அங்காலுள்ள ஒரு குடியேற்றத்திலிருந்து தினமும் ஏ9 பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்துபோனார். தாத்தா காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். பேச்செல்லாம் எங்களைப் போலத்தான், ஆனால் கோபம் வந்தால் மட்டும் எங்கள் ‘ஓம்’ போய் மலையகத்து ‘ஆமா’ வந்துவிடும். அந்த ‘ஆமா’ கேட்டதும் நாங்கள் எல்லோரும் கதிரையில் நிமிர்ந்து உட்காருவோம்.

அலுவலகம் என்பது ஒரு ரயர் கடைக்கு மேலே இருந்த நீளமான அறை. வெளிநாட்டு மென்பொருள்களையும் அவற்றின் கையேடுகளையும் தமிழாக்குவது எங்கள் வேலை. அந்த அறையில் வரிசையாகப் பல சுவிட்சுகள் இருந்தன. எந்தச் சுவிட்ச் எந்த விசிறிக்கு என்று எவருக்கும் தெரியாது. ஒன்றைப் போட்டுப் பார்த்து, இல்லையென்றால் அடுத்ததைப் போடுவோம். அக்கா வந்த கிழமையே ஒவ்வொன்றுக்கும் கீழே சிறு துண்டுக் காகிதம் ஒட்டினார். ஒருநாள் பஸ்ஸிலும் இப்படித்தான். முன்கண்ணாடிப் பலகையில் ‘வவுனியா’ என்று இருக்க, பஸ் யாழ்ப்பாணம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கொண்டக்டரிடம் பலகையைத் திருப்பச் சொன்னார்.

“அக்கா, எல்லாருக்கும் தெரியும்தானே இது எங்க போற பஸ் எண்டு.”

“தெரிஞ்ச ஆக்களுக்கு என்னத்துக்கு தம்பி பலகை?”

கொண்டக்டர் பலகையைத் திருப்பினார். அதன் பிறகு அக்காவைக் கண்டாலே பலகையைத் தடவிப் பார்ப்பாராம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அறிய எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று அவருடைய பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதுதான் காரணமா என்று கேட்டேன். “சும்மா இருங்கோ. எல்லாத்துக்கும் ஒரு கதை வேணும் உங்களுக்கு” என்று முடித்துவிட்டார்.

அவர் மெய்யாகவே மோதிய இடம் எங்கள் எடிற்றர்.

எழுத்துகளை உள்ளிடவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள் அது. எங்களில் எவரையும் விட அதற்கு வயது அதிகம். இலவசம். உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் இன்றும் அதைப் பராமரித்து வருகிறார்கள். கைவந்தவர்களுக்கு அது போல ஒன்று கிடையாது. எங்கள் அலுவலகத்தைத் தொடங்கியவரை நாங்கள் பெரியண்ணை என்போம். அவர் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே அதில்தான் வேலை செய்தார். அவர் அதில் எழுதுவதைப் பார்த்தால் மவுஸ் என்ற பொருளே எதற்கு என்று தோன்றும். எங்கள் எல்லோருக்கும் அதுதான் விதி என்று வைத்தவரும் அவர்தான்.

கைவராதவர்கள் பாடு வேறு. மற்ற மென்பொருள்களில் கொன்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் பிரதி எடுக்கும், வி அழுத்தினால் ஒட்டும், இசெட் அழுத்தினால் கடைசியாகச் செய்ததை நீக்கி முன்பிருந்ததை மீட்கும். இதில் வி அழுத்தினால் பக்கம் கீழே ஓடும். இசெட் அழுத்தினால் முழு ஜன்னலும் காணாமற் போகும். எடிற்றரின் பிழையல்ல. மற்றவர்களின் வழக்கங்கள் பரவ முன்னரே அது பிறந்துவிட்டது. விரும்பினால் எல்லாவற்றையும் மாற்றி வைக்கலாம். ஆனால் மாற்றத் தெரிந்தவருக்கு மாற்றத் தேவையில்லை. தேவையானவருக்கு மாற்றத் தெரியாது. நிறுவியதும், நாம் கை வைக்காத வரைக்கும், ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறதோ அதை டிஃபோல்ட் என்போம். புதிதாக வருகிறவருக்கு அந்த டிஃபோல்ட்தான் முழு மென்பொருளும்.

இந்த நேரத்தில்தான் மெற்றில்டா வேலைக்கு வந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். கணவர் கடலுக்குப் போகிறவர். கோவிலின் மாதப் பத்திரிகையை வருடக்கணக்காகத் தட்டச்சு செய்தவர். தமிழ் அவருடைய விரலில் ஓடும். கிழமை நாட்களில் பரந்தனில் தங்கை வீட்டில் தங்கி வேலைக்கு வருவது என்று ஏற்பாடு. முதல் நாள் காலை ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லை அழித்ததை மீட்பதற்காகக் கொன்ட்ரோலும் இசெட்டும் அழுத்தினார். திரையில் இருந்த எல்லாம் மறைந்தன. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டார். செய்த வேலையும் போனது. அடுத்த நாள் அவர் வரவில்லை.

“ஒவ்வொருத்தராய் இப்பிடித்தான் போகினம்” என்றார் அக்கா. அந்தச் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறினார்.

மெற்றில்டாவின் வீட்டு வாசலில் வலை காய்ந்தது. எங்களைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. நண்டுக்குழம்போடு சாப்பாடு போட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“பிள்ளை, என்ர தலைக்கு உது ஏறாது. நான் உங்கட கொம்பியூட்டரைப் பழுதாக்கிப் போட்டன் எண்டு ரெண்டு நாள் நித்திரை இல்லை.”

அக்கா மடிக்கணினியை எடுத்து, எடிற்றரைத் திறந்து, அவர் முன்னால் வைத்தார். “உங்களுக்கு விருப்பமானதை எழுதுங்கோ, மெற்றில்டாக்கா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றார். சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தார்.

“ஏன் பிள்ளை கைக்கு மேல இருக்கிறீர்?”

“விட்டால் கை உதவி செய்யப் போயிடும். பிறகு உங்களுக்கு எங்க கஷ்டம் எண்டு எனக்குத் தெரிய வராது.”

மெற்றில்டா எழுதினார். தடுமாறினார். தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் பல தடவை வாய் திறக்கப் போனேன். அக்கா காலால் என் காலை மிதித்தார். கொன்ட்ரோலும் இசெட்டும் அழுத்தி ஜன்னல் மறைந்ததும் மெற்றில்டா கையை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார்.

“பாத்தீரே? திரும்பவும் பிழை விட்டிட்டன்.”

“நீங்கள் பிழை விடேல்ல. உங்கட கை சரியான இடத்துக்குத்தான் போனது. எடிற்றர்தான் அங்க வரேல்ல” என்றார் அக்கா.

மெற்றில்டா உட்கார்ந்தார். அந்த வாக்கியம் அவருக்குள் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்தில் இருந்தார்.

அதே கிழமை அக்கா ஒரு புதிய செற்றிங்கைத் தயாரித்தார். அதை ஏற்றிவிட்டால் எடிற்றர் புது ஆளின் கைக்கு ஏற்றபடி நடக்கும். பிரதி எடுக்க, ஒட்ட, மீட்க எல்லோருக்கும் தெரிந்த விசைகள். தமிழ் எழுத்துகள் கொம்பு உடையாமல் தெரியும் எழுத்துரு. வெளியே போகும் வழி மேலேயே எழுதியிருக்கும். எழுதியதைச் சேமிக்க மறந்தாலும் அது தானாகச் சேமிக்கும்.

பெரியண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விருப்பமில்லாத வேலைக்கு முன் அவர் செய்வது அது.

“நாங்கள் எல்லாரும் உதிலதானே பழகினனாங்கள். கஷ்டப்பட்டுப் பழகினால்தான் கையில நிக்கும்.”

“பழகின ஆக்கள் இஞ்ச இருக்கினம் அண்ணை, கண்ணுக்குத் தெரியுது. பழகாமல் எழும்பிப் போன ஆக்கள் எங்க இருக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“அதுசரி. ஆனால் கொன்ட்ரோல் சியில தொடங்கிற கட்டளை எத்தினை இருக்குத் தெரியுமே உமக்கு? அதைப் பிடுங்கினால் மற்றதெல்லாம் விழும்.”

அது நியாயமான கேள்வி. அக்கா அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் யோசித்தார். ஏதாவது எழுத்துகளைத் தெரிவு செய்திருக்கும்போது மட்டும் அந்த விசை பிரதி எடுக்கும், மற்ற வேளைகளில் பழையபடி இருக்கும் என்று மாற்றிக்கொண்டு வந்தார். பெரியண்ணை அரை மனதோடு சரி என்றார். தனக்கு மட்டும் அது வேண்டாம் என்றும் சொன்னார்.

புது ஆட்களைக் குழப்பிய இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால், எடிற்றர் பழைய பிரதியையும் அதே இடத்தில் வைத்துவிடும். பெயரின் கடைசியில் வால் போல ஒரு நெளிகோடு இருக்கும். நாங்கள் அதை வால் கோப்பு என்போம். எது அசல், எது வால் என்று தெரியாமல் ஆட்கள் வாலைத் திறந்து திருத்திக்கொண்டிருப்பார்கள். அக்கா வால் கோப்புகளையே நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். கோப்புறைகள் துப்புரவாகத் தெரிந்தன.

சில மாதங்கள் நன்றாகப் போயின. கண்டாவளையிலிருந்தும் பூநகரியிலிருந்தும் புதியவர்கள் வந்தார்கள், முதல் நாளே வேலை செய்தார்கள், சீனி போட்ட தேநீர் குடித்தார்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மெற்றில்டாவின் மேசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் விசித்திரம், அவர் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறவர். போய்ப் பார்த்தேன். திரையில் ‘க’ என்ற ஒரே எழுத்து இருந்தது.

ஒரு வைத்தியக் கருவியின் பெரிய கையேடு அது. அவர் மாதக்கணக்காக மொழிபெயர்த்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். எழுத்துருவை மாற்றுவதற்காக முழுவதையும் தெரிவு செய்திருக்கிறார். அந்த நேரம் போன் அடித்திருக்கிறது. எடுக்கப் போன கை ஒரு விசையில் பட்டது. தெரிவு செய்த எழுத்துகளின் மேல் ஒரு விசை பட்டால் அவை போய் அந்த எழுத்து வரும், அது அக்காவின் செற்றிங். கணவர் கடலிலிருந்து கரையேறிய செய்தி, கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார். அதற்குள் அது தானாகச் சேமித்தது, அதுவும் அக்காவின் செற்றிங். திரும்பி வந்து ‘க’வைக் கண்டு பதறி எடிற்றரை மூடித் திரும்பத் திறந்துவிட்டார், அதோடு மீட்கும் வழியும் போனது. முன்பென்றால் வால் கோப்பு இருந்திருக்கும். அதையும் அக்கா நிறுத்தியிருந்தார்.

அலுவலகம் முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது. மெற்றில்டாவின் கண்கள் கலங்கியிருந்தன. “நான்தான் அண்ணை… என்ர கை பட்டு…” என்று பெரியண்ணையைப் பார்த்துத் தொடங்கினார்.

“இல்லை” என்றார் அக்கா. “மூண்டையும் வைச்சது நான். ஒவ்வொண்டும் தனியத் தனிய நல்லது. மூண்டும் சேந்தால் என்ன நடக்கும் எண்டு நான் பாக்கேல்ல. ஆமா, இது என்ர வேலை.”

அந்த ‘ஆமா’ அன்று அவர் மேலேயே விழுந்தது.

பெரியண்ணை உரக்கப் பேசவில்லை. உரக்கப் பேசியிருந்தால் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். “வால் கோப்பை ஏன் ஆரோ ஒரு காலத்தில வைச்சவை எண்டு நீர் ஒருக்காலும் கேக்கேல்லையே” என்று மட்டும் கேட்டார்.

அக்கா கோப்புறைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, இல்லாத வாலைத் தேடினார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

நல்ல காலம், மெற்றில்டா முக்கால்வாசியைக் காகிதத்தில் எடுத்துப் பிழை பார்த்து வைத்திருந்தார். வெள்ளியும் சனியும் நாங்கள் பகிர்ந்துகொண்டு திரும்ப அடித்தோம். பெரியண்ணையும் ஒரு அத்தியாயத்தை எடுத்தார். மிச்சத்தை மெற்றில்டா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். “முந்தினதைவிட இது நல்லாய் வருகுது பிள்ளை” என்றார் மெற்றில்டா ஒரு கட்டத்தில். மெய்யோ, அக்காவுக்காகச் சொன்னதோ தெரியாது. இருவரும் சிரித்தார்கள், எங்களுக்கும் மூச்சு வந்தது. கையேடு திங்கட்கிழமை மாலை போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் அக்கா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் பெரியண்ணையின் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

“அண்ணை, இதில இருக்கிற ஒவ்வொண்டும் ஏன் இப்பிடி இருக்குது எண்டு எனக்குச் சொல்லுங்கோ.”

“எல்லாம் எனக்கும் தெரியாது.”

“தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. தெரியாததை ரெண்டு பேரும் தேடுவம்.”

பல கிழமைகள் இப்படி ஓடின. சிலவற்றுக்கு அருமையான காரணம் இருந்தது. சிலவற்றுக்கு, ஒரு காலத்து விசைப்பலகை அப்படி இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. முன்னதைக் கண்டால் பெரியண்ணை கண்ணாடியை மேலே தள்ளுவார், பின்னதைக் கண்டால் அக்கா மேசையைத் தட்டுவார். வால் கோப்பு திரும்ப வந்தது, ஆனால் வேறொரு கோப்புறைக்குள், கண்ணில் படாத இடத்தில். தேவையானபோது மட்டும் எடுக்கலாம். பெரியண்ணை அதைத் தன் கணினியிலும் போட்டுக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் அக்கா அந்த எடிற்றரைப் பராமரிப்பவர்களின் பொது மின்மடல் குழுவுக்கு எழுதினார். எங்கள் அலுவலகத்தில் மட்டும் மாற்றி என்ன பயன், உலகத்தில் முதல் நாள் திறக்கிற எல்லோருக்கும் மாறவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆங்கிலத்தை நான் பார்த்துத் திருத்தினேன். யார் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதைப் பெயரில்லாமல் எழுதினார். தன் ‘க’வையும் மறைக்கவில்லை.

பதில்கள் பல நாடுகளிலிருந்து வந்து குவிந்தன. ஒருவர் எழுதினார்: புதியவர் புதியவராக இருப்பது ஒரு மாதம். பிறகு முப்பது வருடம் எங்களோடு இருக்கிறார். ஒரு மாதத்துக்காக ஏன் முப்பது வருடத்தை மாற்ற வேண்டும்? அக்கா பதில் எழுதினார்: அந்த ஒரு மாதத்தில் எழுந்து போனவர், அந்த முப்பது வருடமும் உங்களோடு இல்லாமல் இருக்கிறார். இதற்குச் சிலர் கைதட்டினார்கள், சிலர் கோபித்தார்கள். விவாதம் நீண்டது. அவருடைய யோசனைகளில் பெரும்பாலானவற்றை நிராகரித்தார்கள். ஒன்று மட்டும் ‘யோசிப்போம்’ என்று நின்றது. வால் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு அனுப்புவது.

பிறகு அக்காவுக்கு வவுனியாவில் வீட்டுக்குக் கிட்டிய வேலை ஒன்று கிடைத்தது. பிரியாவிடை அன்று பேசச் சொன்னோம். “வடக்குப் பக்க ஜன்னலை ஆரும் திறக்காதேங்கோ, கொக்கி கழண்டு இருக்குது. புது ஆக்களுக்குச் சொல்லிப் போடுங்கோ” என்றார். அதுதான் உரை. மெற்றில்டா மட்டும் அழுதார்.

இந்த வருடம் எடிற்றரின் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் நீண்ட பட்டியலை ஓட்டிக்கொண்டு போனேன். நடுவில் அது இருந்தது. வால் கோப்புகள் இனித் தனிக் கோப்புறையில், எல்லோருக்கும், டிஃபோல்ட்டாக. உடனே வவுனியாவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா! உங்கட ஒண்டு உள்ளுக்குப் போயிட்டுது!”

சந்தோஷத்தில் துள்ளுவார் என்று நினைத்தேன்.

“ஆர் ஏசினவை?” என்று கேட்டார்.

ஏசியிருந்தார்கள்தான். மடல் குழுவில் ஒரு வயோதிபர், வட தேசம் எதிலோ இருப்பவர், பத்தி பத்தியாக எழுதியிருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் தன் பிரதிகள் ஒன்றையும் காணவில்லை என்றும், இத்தனை வருடம் வைத்த இடத்தில் வைத்த பொருளை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்றும், இனி இந்த எடிற்றரில் தனக்கு வேலை இல்லை என்றும். நான் அதைப் பகிடியாக வாசித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

“அந்த மனுசனுக்கு இண்டைக்கு முதல் நாள்” என்றார். “ஒண்டும் விளங்காமல் இருக்கிறார். அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

அன்றே அவருக்கு எழுதினார். பிரதிகள் எங்கே இருக்கின்றன, பழையபடி வேண்டுமென்றால் எந்த ஒரு வரியை எங்கே சேர்க்க வேண்டும் என்பது முதலில். இந்த மாற்றத்தைக் கேட்டவர்களில் தானும் ஒருத்தி, சொல்லாமல் நகர்த்தியதற்கு மன்னிக்கவும் என்பது பிறகு. இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி, எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: போன பதிப்பில் வந்த இன்னொரு புது வசதியும் தன்னைத் தொந்தரவு செய்கிறது, அதை நிறுத்துவது எப்படி?

அக்கா அதையும் எழுதி அனுப்பினார். இப்போது இருவருக்கும் ஒழுங்காகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. அவர் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று கேட்கிறார். அக்கா ஒவ்வொன்றாய் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறார்.